அறுபது கிரேடும் 25 டிகிரியும்

2012ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 5 லிட்டர் வி8 என்ஜினுக்கு இரண்டு வேறு ஆயில்களை எழுதிக் கொடுத்தது. அமெரிக்காவில் முஸ்டாங் ஜிடி வாங்கியவரின் கையேட்டில் 5டபிள்யூ-20 என்றிருந்தது. அதே என்ஜினைப் பந்தயத் தளத்துக்கென்று முறுக்கேற்றி நிமிடத்துக்கு 7,500 சுழற்சி வரை விரட்டலாம் என்று விற்ற பாஸ் 302 காரின் கையேட்டில் 5டபிள்யூ-50. ஒன்று கடைகளில் கிடைக்கும் மெல்லிய ஆயில்களில் சேர்த்தி, மற்றது நன்றாகவே கெட்டி. மெல்லிய ஆயில் போதும் என்பவருக்கும் கெட்டி ஆயில்தான் காப்பாற்றும் என்பவருக்கும் ஆளுக்கொரு சாட்சி. வேகமான கார் வைத்திருப்பவர்கள் நடுவே ஓயாமல் நடக்கும் இந்த வழக்கில் இரு கட்சியும் சாட்சிகளை அடுக்குகிறார்களே தவிர, ஃபோர்டு எதைப் பார்த்துப் பிரித்தது என்று கேட்பதில்லை. ஆயில் எத்தனை டிகிரிச் சூட்டில் வேலை செய்யப்போகிறது என்பதைப் பார்த்துத்தான் பிரித்தது.

டப்பாவில் உள்ள எண்களிலிருந்து தொடங்குவோம். எஸ்ஏஇ அமைப்பின் ஜே300 என்ற தரநிலை இவற்றை வரையறுக்கிறது. டபிள்யூவுக்கு முந்தைய எண் குளிர்காலத்துக்கானது. 0டபிள்யூ ஆயில் மைனஸ் 35 டிகிரியில் என்ஜினைச் சுழலவிட வேண்டும். 5டபிள்யூ மைனஸ் 30இல், 10டபிள்யூ மைனஸ் 25இல். பிந்தைய எண் 100 டிகிரியில் ஆயிலின் பாகுநிலையைச் சொல்கிறது: 20 கிரேடு என்றால் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்குக்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3க்குள், 60 என்றால் 21.9 முதல் 26.1க்குள். இவை பட்டைகள்தான், புள்ளிகள் அல்ல. 12.4இல் நிற்கும் 30 கிரேடும் 12.6இல் நிற்கும் 40 கிரேடும் என்ஜினுக்கு ஒன்றே.

இனி, எந்த டப்பாவிலும் அச்சிடப்படாத ஒரு கணக்கு. தயாரிப்பாளர்கள் தரவுத்தாளில் போடும் 40, 100 டிகிரி அளவுகளை எடுத்துக்கொண்டு, பாகுநிலை சூட்டோடு எப்படி இறங்குகிறது என்ற வழக்கமான சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. சராசரியான ஒரு 0டபிள்யூ-40 ஆயில் 125 டிகிரிக்குப் போனால், 0டபிள்யூ-20 ஆயில் 100 டிகிரியில் இருக்கும் அதே கெட்டிக்கு இறங்கிவிடுகிறது. 10டபிள்யூ-60ஐ 125க்குச் சூடேற்றினால் அது 100 டிகிரி 0டபிள்யூ-40 ஆகிவிடுகிறது. அதாவது இரண்டு பெரிய படி கிரேடு ஏறினால் கிடைப்பது ஏறத்தாழ 25 டிகிரிச் சூட்டுக்கான ஈடு. கிரேடைத் தேர்ந்தெடுப்பது என்பது உண்மையில் சூட்டைத் தேர்ந்தெடுப்பதுதான். நெடுஞ்சாலையில் 95 டிகிரியில் ஓடும் 20 கிரேடு ஆயில், தளத்தில் 125 டிகிரியில் கொதிக்கும் 40 கிரேடு ஆயிலைவிடக் கெட்டியானது. இது புரிந்தால் ஃபோர்டின் இரண்டு கையேடுகளுக்கும் முரண்பாடே இல்லை.

கெட்டிக் கட்சியின் முதன்மைச் சாட்சி பிஎம்டபிள்யூ. இ46 எம்3 காரின் எஸ்54 என்ஜின்: 3,246 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், 343 குதிரைத்திறன், உச்சம் 8,000 சுழற்சி. 91 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கில் 8,000 சுழற்சி என்றால் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 24 மீட்டருக்கு மேல். சாலைக் காருக்கு அது அசாதாரணம். அதற்கு நிறுவனம் எழுதிக் கொடுத்தது 10டபிள்யூ-60. "பிஎம்டபிள்யூவே 60 போடுகிறது" என்ற வாக்கியம் அன்றிலிருந்து உலகம் முழுக்கச் சுற்றி, அந்த என்ஜினோடு தொடர்பே இல்லாத ஹேட்ச்பேக்குகளின் வயிற்றுக்குள்ளும் அறுபதை ஊற்றவைத்திருக்கிறது.

ஆனால் இந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தால் தடுமாறுகிறது. தொடக்க கால எஸ்54 என்ஜின்களில் கனெக்டிங் ராடு பேரிங்குகள் தேய்ந்து உடைந்தன. 2003இல் பிஎம்டபிள்யூ பேரிங்குகளைத் தானே மாற்றிக் கொடுத்தது. அந்த என்ஜின்கள் செத்தபோது உள்ளே இருந்ததும் அறுபதுதான், பேரிங் மாற்றியபின் ஊற்றியதும் அறுபதுதான். ஆகவே கெட்டி ஆயில் அவற்றைக் காப்பாற்றவில்லை, கொல்லவும் இல்லை. அடுத்து வந்த எம்3இன் எஸ்65 வி8 என்ஜினில் (4 லிட்டர், 8,400 சுழற்சி) வழக்கு தலைகீழாகத் திரும்பியது. பேரிங் இடைவெளி இறுக்கமாக இருக்கிறது, அந்த இடுக்குக்குள் இவ்வளவு கெட்டியான ஆயில் போதுமான அளவு பாய்வதில்லை என்று சுயேச்சையாக என்ஜின் கட்டுபவர்கள் பலர் வாதிட்டார்கள். இடைவெளி, ஆயில், சூடு மூன்றும் ஒன்றையொன்று பார்த்து முடிவாவது. ஒன்றை மட்டும் பிடுங்கிக் கொண்டுபோய் இன்னொரு என்ஜினில் நடமுடியாது.

கெட்டி ஆயிலுக்கு ஒரு விலையும் உண்டு. சென்னையின் காலை 30 டிகிரியிலேயே 10டபிள்யூ-60, 0டபிள்யூ-20ஐவிட ஏறத்தாழ நான்கு மடங்கு கெட்டி. பம்ப் அதைத் தள்ளத் திணறும். அழுத்தம் எல்லை மீறியதும் ரிலீஃப் வால்வு திறந்து ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மீட்டரில் அழுத்தம் கம்பீரமாக நிற்கும், பேரிங்குக்குப் போகும் அளவோ குறைந்திருக்கும். ஆயில் அழுத்த முள் உயர்ந்திருப்பதைப் பார்த்து மனம் குளிர்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பிஎம்டபிள்யூவுக்கு இது தெரியும். அதனால்தான் எம்3இன் சுழற்சி மீட்டரைச் சுற்றிச் சிறு விளக்குகளை வைத்தது. ஆயில் குளிர்ந்திருக்கும்வரை அவை எரிந்து மேல் சுழற்சிகளுக்குப் போகாதே என்று எச்சரிக்கும், சூடேற ஏற ஒவ்வொன்றாக அணையும். அறுபதைக் கடன் வாங்கியவர்கள் அந்த விளக்குகளைக் கடன் வாங்கவில்லை.

மெல்லிய கட்சியின் வாதமும் சுத்தமானது அல்ல. மெல்லிய ஆயிலில் உராய்வு இழப்பு குறைவு, எரிபொருள் மிச்சம். அமெரிக்காவின் எரிபொருள் சிக்கன விதிகளில் ஒவ்வொரு துளியும் கணக்கு என்பதால் அங்கே கையேடுகள் 20 கிரேடை நோக்கிச் சாய்ந்தன. சிக்கனச் சோதனையில் ஊற்றிய ஆயிலையே வாங்குபவருக்கும் பரிந்துரைக்க வேண்டும் என்பது அங்குள்ள சுற்றுச்சூழல் முகமையின் எதிர்பார்ப்பு. எனவே "கையேடு சொல்கிறது" என்பது என்ஜினின் நலனை மட்டும் கருதிச் சொன்ன சொல் அல்ல. அரசின் சிக்கனக் கணக்கும் அதில் கலந்திருக்கிறது. இதைச் சொன்ன கையோடு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஹோண்டா சிவிக் டைப் ஆர், டொயோட்டா ஜிஆர் கரோலா இரண்டும் 300 குதிரைத்திறனை ஒட்டிய டர்போ கார்கள். இரண்டுக்கும் அமெரிக்கக் கையேடு 0டபிள்யூ-20தான் சொல்கிறது. உத்தரவாதச் செலவு தங்கள் தலையில் விழும் என்று தெரிந்த நிறுவனங்கள், நாசமாகும் என்று தெரிந்தே இதை எழுதியிருக்க மாட்டா.

2025 ஏப்ரலில் நடந்த ஒன்று இந்த வழக்கில் எனக்கு மிக முக்கியமான சாட்சியாகத் தோன்றுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் எல்87 வி8 என்ஜின் பொருத்திய பெரிய பிக்கப்புகளையும் எஸ்யூவிகளையும் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 லட்சம் திரும்ப அழைத்தது. இவை வேகக் கார்கள் அல்ல; ஆனால் கார்வெட்டின் 6.2 லிட்டர் வி8க்கு ரத்த சொந்தம். காரணமாகச் சொல்லப்பட்டது கனெக்டிங் ராடிலும் கிராங்க்ஷாஃப்டிலும் நேர்ந்த உற்பத்திக் குறை. பரிசோதனையில் தேறாத என்ஜின்களுக்குப் பழுதுநீக்கமோ மாற்று என்ஜினோ. தேறியவற்றுக்கு 0டபிள்யூ-20ஐ வடித்துவிட்டு 0டபிள்யூ-40, அந்த எண் அச்சிட்ட புதிய மூடி, கையேட்டில் ஒட்ட ஒரு தாள்.

கெட்டிக் கட்சி இதைத் தன் வெற்றி என்று கொண்டாடியது. பாதி வெற்றி என்று சொல்லலாம். 0டபிள்யூ-20 நல்ல என்ஜினைக் கொன்றது என்று இது காட்டவில்லை. காட்டுவது வேறு: உலோகப் பரப்பு சரியாக இருந்தால் மெல்லிய படலம் போதும், பரப்பில் குறை இருந்தால், அழுக்கு நுழைந்தால், சூடு எதிர்பார்த்ததைத் தாண்டினால், அந்தப் படலத்தில் தவறுக்கு இடமே இல்லை. கெட்டி ஆயில் கூடுதல் வலிமை தருவதில்லை. பிழையைப் பொறுத்துக்கொள்ளும் இடைவெளியைத் தருகிறது. சாலையில் போகும் காருக்கு அந்த இடைவெளி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. தளத்தில் இருபது நிமிடம் முழு த்ராட்டிலில் ஓடும் காருக்குத் தேவைப்படும்.

அந்த இடைவெளியை அளக்கும் எண் டப்பாவின் முகப்பில் கிடையாது. அதன் பெயர் எச்டிஎச்எஸ். 150 டிகிரிச் சூட்டில், பேரிங்கில் நடப்பதுபோல் ஆயில் அதிவேகமாக அரைபடும்போது எஞ்சும் பாகுநிலை. ஜே300இன்படி 20 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.6, 30க்கு 2.9, 0டபிள்யூ, 5டபிள்யூ, 10டபிள்யூ வகை 40க்கு 3.5, 60க்கு 3.7 மில்லிபாஸ்கல் விநாடி. கடைசி இரண்டையும் மறுபடி பாருங்கள். நாற்பதுக்கும் அறுபதுக்கும் தரநிலை வைக்கும் குறைந்தபட்ச வித்தியாசம் வெறும் 0.2. நல்ல 10டபிள்யூ-60 நடைமுறையில் 5ஐத் தாண்டும் என்பது உண்மை. ஆனால் அறுபது என்று எழுதிய காரணத்துக்காகவே அது தாண்டியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இதே அளவை முப்பது கிரேடில் வைத்துப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். ஐரோப்பாவின் ஏசிஇஏ ஏ3/பி4 வகுப்பு கிரேடு எதுவானாலும் 3.5 கேட்கிறது. ஆகவே கடையில் ஒரே அலமாரியில் இரண்டு 5டபிள்யூ-30 டப்பாக்கள் நிற்கலாம்: ஒன்று சிக்கனத்துக்காகச் செய்த, 3ஐ ஒட்டியது; மற்றது 3.5க்கு மேல். முகப்பில் எண் ஒன்றே. 2014இல் எம்3க்கு எஸ்55 என்ற டர்போ என்ஜின் வந்தபோது பிஎம்டபிள்யூ அறுபதை விட்டு முப்பதுக்கு இறங்கியது என்று பலரும் வியந்தார்கள். முறுக்குவிசை 400இலிருந்து 550 நியூட்டன் மீட்டருக்கு ஏறியிருக்க, ஆயில் மட்டும் எப்படி மெலிந்தது? அந்த முப்பதுக்கு நிறுவனம் கேட்ட எல்எல்-01 அங்கீகாரம் ஏ3/பி4ஐ அடித்தளமாகக் கொண்டது. அதாவது 3.5. தவிர, சுழற்சி உச்சம் 8,400இலிருந்து 7,500 பக்கம் இறங்கிவிட்டது. பிஸ்டனும் ராடும் பேரிங்கை இழுக்கும் விசை சுழற்சியின் வர்க்கத்தோடு ஏறுவது என்பதால் அந்த ஒரு மாற்றமே விசையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கும். பிஎம்டபிள்யூ மெலிவுக்கு மதம் மாறவில்லை. வேறு என்ஜினுக்கு வேறு ஆயில் எழுதியது.

கார்வெட்டும் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்தது. ஏழாம் தலைமுறைக் காரில் சாலைக்கு 5டபிள்யூ-30. தள ஓட்டத்துக்கு 15டபிள்யூ-50 ஊற்றி, ஓட்டம் முடிந்ததும் வடித்துவிட்டுப் பழையதையே ஊற்ற வேண்டும் என்பது கையேட்டு ஏற்பாடு. யார் இதை ஒழுங்காகச் செய்திருப்பார்கள்? 2019இல் நிறுவனம் 0டபிள்யூ-40க்கு வந்து இரண்டு வேலையையும் ஒன்றிடமே கொடுத்தது. நானூறு, ஐந்நூறு குதிரைத்திறன் காருக்கும் நாற்பது போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கூடுதல் காசுக்கு விற்கும் சிறப்பு ஆயில்களைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. எடை தொங்கவிட்ட உருளையில் இரும்பை உரசிக் காட்டும் விளம்பரச் செயல்விளக்கம் எதையும் நிரூபிப்பதில்லை. ராடு பேரிங்கில் உலோகம் உலோகத்தை உரசவே கூடாது, உரசினால் ஆட்டம் முடிந்தது. "முழு சிந்தெடிக்" என்ற சொல்லும் உத்தரவாதம் அல்ல. கச்சா எண்ணெயிலிருந்தே சுத்திகரித்தெடுத்த மூன்றாம் வகை அடிப்படை எண்ணெயை காஸ்ட்ரால் சிந்தெடிக் என்று விற்றதை மொபில் எதிர்த்தபோது, 1999இல் அமெரிக்காவின் தேசிய விளம்பரப் பிரிவு காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அன்றிலிருந்து அந்தச் சொல் வேதியியலைவிட்டு விற்பனைத் துறைக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். நேரடி ஊசி கொண்ட டர்போ என்ஜின்களில், குறைந்த சுழற்சியில் மிதியை அழுத்தும்போது, தீப்பொறிக்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வதுண்டு. பிஸ்டனே உடையக்கூடிய வெடிப்பு அது. ஆயிலின் சுத்திகரிப்புச் சேர்க்கையில் கால்சியம் மிகுந்தால் இந்த ஆபத்து கூடும். 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி தரம் இதைச் சோதித்தே தேர்ச்சி தருகிறது. "பந்தயத்துக்கு மட்டும்" என்று அச்சிட்ட பல ஆயில்கள் அந்தத் தேர்வை எழுதியதே இல்லை. நாலு மடங்கு விலை கொடுத்து இந்த ஆபத்தை வாங்கி வருவது விசித்திரமான பெருமை. லேபிளில் "அங்கீகரிக்கப்பட்டது" என்பதும் "இந்தத் தேவைக்குப் பொருந்தும்" என்பதும் ஒன்றல்ல. முன்னது கார் நிறுவனம் தந்த சான்று. பின்னது ஆயில் விற்பவர் தனக்குத் தானே தந்துகொண்டது.

வெயில் ஊருக்குக் கெட்டி ஆயில்தான் என்பது நம் மெக்கானிக்குகளிடம் ஊறிய நம்பிக்கை. அதில் பாதி தவறு, பாதி சரி. சாலையில் ஆயிலின் சூட்டைத் தீர்மானிப்பது தெர்மோஸ்டாட்டும் கூலண்டும். வெளியே 20 டிகிரியானாலும் 40 ஆனாலும் ஆயில் 90க்கும் 105க்கும் நடுவேதான் உலவும். அங்கே சென்னையும் ஸ்டுட்கார்ட்டும் ஒன்று. தளத்தில் கதை மாறுகிறது. ஆயில் கூலரின் தெர்மோஸ்டாட் முழுக்கத் திறந்து, கூலர் தன் முழுத் திறனில் உழைக்கும்போது, வெளிக்காற்று ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஆயிலும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். ஜெர்மனியில் 20 டிகிரிப் பகலில் 120இல் நின்ற ஆயில், இருங்காட்டுக்கோட்டைத் தளத்தின் 38 டிகிரிப் பகலில் 138ஐத் தொடலாம். முன்பு பார்த்த 25 டிகிரிக் கணக்கில் இது கிட்டத்தட்ட ஒன்றரைப் படி. கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில் ஓட்டுபவருக்கும் இதே கணக்குதான். ஆகவே தளத்துக்குப் போகும் காருக்கு ஒரு படி ஏற்றுவதில் நியாயம் இருக்கிறது. சென்னை ஓஎம்ஆர் சாலை நெரிசலில் மட்டும் ஓடும் காருக்கு அதே படி வெறும் எரிபொருள் விரயம். 0டபிள்யூவா 5டபிள்யூவா என்ற தகராறு இங்கே பொருளற்றது. நம் மார்கழியில் மைனஸ் 30 வரப்போவதில்லை. அகன்ற வீச்சுக்காகச் சேர்க்கும் பாலிமர் 5டபிள்யூ-40இல் சற்றுக் குறைவாகவே தேவைப்படும், அரைபட்டு மெலிவதும் அந்த அளவுக்குக் குறையும்.

ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதிக்கலாமே என்பார்கள். பழைய ஆயிலில் பெட்ரோல் எவ்வளவு கலந்தது, பாகுநிலை எவ்வளவு இறங்கியது என்று அறிய அது அருமையான வழி. ஆனால் பேரிங் நலமா என்று கேட்டால் அரைகுறைப் பதிலே வரும். வழக்கமான நிறமாலைச் சோதனை சில மைக்ரான் அளவுத் துகள்களைத்தான் எண்ணும். பேரிங் பாளம் பாளமாக உதிரும்போது பெரிய துண்டுகள் அதன் கண்ணில் படுவதில்லை. ஃபில்டரை வெட்டி விரித்துப் பார்ப்பது அதைவிட நேர்மையான சோதனை.

தீர்ப்புக்கு வருகிறேன். முதலில் ஆயில் சூடு காட்டும் மீட்டர். காரில் இல்லையென்றால் ஓபிடி ஸ்கேனரில் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூடு 110ஐத் தாண்டாத சாலைக் காருக்குக் கையேட்டு கிரேடே போதும், நிறுவன அங்கீகாரம் பெற்ற டப்பாவில். வாரக்கடைசியில் தளத்துக்குப் போய் 120, 130 தொடும் காருக்கு எச்டிஎச்எஸ் 3.5க்குக் குறையாத 5டபிள்யூ-40 அல்லது 0டபிள்யூ-40. போர்ஷே ஏ40, பென்ஸ் 229.5, பிஎம்டபிள்யூ எல்எல்-01 இவற்றில் ஒன்றோ இரண்டோ உண்மையாகப் பெற்றதாக இருந்தால் பெரும்பாலான டர்போ என்ஜின்களுக்கு அது தகும். உத்தரவாதக் காலத்துக்குள் என்றால், கையேடு அனுமதிக்கும் மாற்று கிரேடுகளின் பட்டியலுக்குள்ளேயே நிற்க வேண்டும். 10டபிள்யூ-60, அதை எழுதிக் கொடுத்த என்ஜின்களுக்கு மட்டும். வேறு எதற்கும் நான் அதை ஏற்கமாட்டேன். மீட்டர் 135ஐத் திரும்பத் திரும்பத் தாண்டினால் அது ஆயிலின் வழக்கே அல்ல. அந்தக் காசில் பெரிய கூலர் வாங்க வேண்டும். கூலர் போடும்வரை மூன்று சுற்றுக்கு ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆற்றிக்கொள்ளலாம். தள நாள் ஒன்றிரண்டு முடிந்ததும், 10,000 கிலோமீட்டர் கணக்குக்குக் காத்திராமல், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும்.